முன்னால் நடப்பவர்

வேப்பெண்ணெயும் புகையிலைத் தூளும் கலந்த வாடை எங்கிருந்து வந்தாலும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நடந்து பழகியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அட்டைதான். மழை விட்ட மறுநாள் சோலைக்குள் கால் வைத்தால் சருகுகளுக்கடியிலிருந்து அவை நிமிர்ந்து நின்று தலையாட்டும். இப்போது முழங்கால்வரை ஏறும் அட்டை உறைகள் கடைகளில் கிடைக்கின்றன. அன்று அப்படி எதுவும் இல்லை. புகையிலை ஊறிய தண்ணீரில் துணியை நனைத்துக் கணுக்காலில் சுற்றிக்கொள்வார்கள். உப்பைச் சிறு முடிச்சாகக் கட்டிக் கம்பு நுனியில் பிணைத்து, ஏறிய அட்டையின்மேல் ஒற்றி உதிர்ப்பார்கள். ரத்தம் நிற்காத கடிவாயில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டுவார்கள். இவை எதையும் யாரும் பாடமாகச் சொல்லித் தந்ததில்லை. முன்னால் நடந்தவர் செய்தார், பின்னால் வந்தவர்கள் பார்த்துச் செய்தார்கள். அந்த முன்னால் நடந்தவர் பெரும்பாலும் அந்த மலையிலேயே பிறந்தவர். பொதிகையில் காணிக்காரர், பழனி, வருசநாட்டு மலைகளில் பளியர், ஆனைமலையில் காடர் அல்லது முதுவர். தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு வெட்டுக்கத்தி, காலில் பல நேரம் செருப்பும் இருக்காது. மலை நடை பற்றி இன்று நடக்கும் விவாதங்களில் காப்பீடு, கட்டணம், இணையவழி அனுமதி, ஆபத்து என்று எல்லாம் பேசப்படுகின்றன. அந்த மனிதரைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம். மலையை யாருக்கு, எப்படித் திறப்பது என்ற கேள்விக்கு விடை அவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரவு தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்த்தாலே இது விளங்கும். புதிதாகக் காட்டுக்கு வருபவர் ஓடைக்கரை மணலைக் கண்டதும் கூடாரத்தை இறக்கப் பார்ப்பார். தண்ணீர் பக்கத்தில், தரை மெத்தென்று இருக்கிறது, வேறென்ன வேண்டும்? மலைக்காரர் அந்த இடத்தில் நிற்கக்கூட மாட்டார். மேல்மலையில் எங்கோ பெய்த மழை, இங்கே ஒரு துளியும் விழாமலே, நள்ளிரவில் காட்டாறாக இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்திசாயும் நேரத்தில் மிளாவும் காட்டெருமையும் தண்ணீருக்கு இறங்கும் வழியும் தெரியும். இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் கணவாய் யானை கடக்கும் தடம் என்பதால் அதையும் ஒதுக்குவார். தலைக்குமேல் பட்ட கிளை இருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்ப்பார். கடைசியில் அவர் காட்டும் இடம் பாறைப் புடவாகவோ மேட்டில் ஒரு சிறு திட்டாகவோ இருக்கும், தண்ணீருக்குச் சற்று நடந்துபோய் வர வேண்டியிருக்கும். பிறகு மூன்று கல், கீழே விழுந்து காய்ந்த சுள்ளி, கஞ்சி, சுட்ட கருவாடு, கருப்பட்டிக் காப்பி. தீயைப் பெரிதாக்க விடமாட்டார்கள். இரவில் யாராவது ஒருவர் எழுந்து கட்டையைத் தள்ளிவிட்டுப் படுப்பார், விடிந்ததும் சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கையால் துழாவிப் பார்த்த பிறகே புறப்படுவார்கள். இன்று பெரும்பாலான காடுகளில் தீ மூட்டவே தடை. அந்தத் தடை சரியானது. கூடாரம் கைக்கடக்கமாகிவிட்டது, நெற்றியில் கட்டும் விளக்கு வந்துவிட்டது, அரிக்கேன் விளக்கையும் கம்பளிச் சுருளையும் சுமக்கும் தேவை போய்விட்டது. ஆனால் எங்கே படுப்பது, எப்போது எழுந்து நகர்வது என்ற முடிவை எந்தக் கருவியும் எடுப்பதில்லை. அதற்கு அந்த மலையை எல்லாப் பருவத்திலும் பார்த்த கண் வேண்டும்.

இந்த அறிவு நெடுநாளாகப் பிறர் பெயரில்தான் பதிவாகி வந்திருக்கிறது. திருவிதாங்கூர் அரசின் வானாய்வுக்கூட இயக்குநராக இருந்த ஜான் ஆலன் புரூன், 1850களில், பொதிகை என்றும் அகத்தியர்கூடம் என்றும் அழைக்கப்படும் அகத்தியமலையின் உச்சியில் காந்தப்புலத்தையும் வானிலையையும் அளக்க ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1,868 மீட்டர் உயரம், வழியெங்கும் யானைக்காடு, சக்கரம் ஏறாத செங்குத்து. கருவிகளும் கட்டுமானப் பொருள்களும் மனிதத் தோள்களில் ஏறித்தான் அந்த உச்சியை அடைந்திருக்க முடியும். அறிவியல் வரலாற்றில் புரூனின் பெயர் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். சுமந்தவர்கள், வழி காட்டியவர்கள் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை. அதே மலைத்தொடரில் 1987இல் நடந்தது நல்ல மாறுதல். பழங்குடித் தாவர அறிவைப் பதிவுசெய்யக் காட்டுக்குள் நடந்த ஆய்வாளர்கள் களைத்துத் தள்ளாடியபோது, உடன் வந்த காணி வழிகாட்டிகள் சோர்வில்லாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வழியில் பறித்து மென்ற சிறு பழமே காரணம் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஆரோக்கியப்பச்சை என்று கேரளத்தில் அழைக்கப்படும் அந்தச் செடியிலிருந்து பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூரின் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உற்பத்தி உரிமம் தந்தபோது, உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்காக அவர்கள் ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார்கள். அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன. எல்லாக் காணிக்குடிகளையும் கலந்து பேசவில்லை என்ற மனக்குறை அவர்களுக்குள்ளேயே எழுந்தது. இருந்தும் பழங்குடி அறிவுக்குப் பங்கு தரும் முயற்சிகளில் உலகின் முன்னோடிகளில் ஒன்றாக இன்றும் அது பேசப்படுகிறது. அதன் தொடக்கம் ஆய்வகத்தில் நிகழவில்லை. ஒரு மலை நடையில், முன்னால் போனவரின் மடியில் இருந்த பழத்தில் நிகழ்ந்தது.

மலையைத் திறக்கக் கூடாது என்பவர்கள் வைக்கும் முதல் சான்று குரங்கணி. 2018 மார்ச் 11ஆம் தேதி, தேனி மாவட்டத்தில் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோட்டுப் பக்கமிருந்தும் வந்த இளைஞர்கள், அவர்களில் பலர் பெண்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாள்களை மலை நடப்பவர்கள் எவரும் மறந்திருக்க முடியாது. காட்டுக்குள் மக்களை விடவே கூடாது என்று அப்போது எழுந்த குரலை நான் குறை சொல்ல மாட்டேன், அது துயரத்தில் எழுந்த குரல். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மார்ச் மாதம் அந்தச் சரிவுகளில் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும் காலம். சரிவில் பிடித்த தீ மேல்நோக்கித்தான் விரையும். அதன் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும், பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் காற்றும் அதற்குத் துணை. அப்படியொரு சரிவில் மேல்நோக்கி ஓடுவதும் காய்ந்த புல்லுக்குள் புகுவதும் உயிருக்கு ஆபத்து. தீ ஏற்கெனவே எரித்து முடித்த கருநிலமோ வெறும் பாறையோ ஈரமான சோலையோதான் புகலிடம். மலையில் வாழ்பவர்களுக்கு இது சிறுவயதிலேயே தெரிந்துவிடும். நகரத்திலிருந்து வந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் போன பாதைக்கு அனுமதி பெற்றிருக்கவில்லை என்று வனத்துறை சொன்னது. அதைவிடப் பெரிய கேள்வி, அந்த மாதத்தில் அந்தப் புல்வெளிக்குள் போக வேண்டாம் என்று தடுத்து நிறுத்தும் அதிகாரம் உள்ள மலைக்காரர் ஒருவர் அந்தப் பயணத்தின் தலைமையில் ஏன் இல்லை என்பது. தீப்பிடித்த செய்தி கேட்டு முதலில் ஓடிப்போனவர்களில் குரங்கணிக் கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்கள் போர்வையில் தொட்டில் கட்டியும் தோளில் தூக்கியும் காயம்பட்டவர்களை இறக்கினார்கள். கடைசியில் அழைக்கப்பட்ட அந்தக் கைகள் முதலிலேயே அழைக்கப்பட்டிருக்க வேண்டியவை.

அதன்பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டன. தீப்பருவத்தில் நடை நிறுத்தப்பட்டது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அரசே திறந்தது. மலைக்கிராமங்களின் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. இது நல்ல தொடக்கம், மனமாரப் பாராட்டத் தக்கது. என்றாலும் இந்த நடைகள் பெரும்பாலும் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடுபவை. இரவு என்ற ஒன்று அவற்றில் இல்லை. இரவு எதற்கு, பகலில் பார்த்துவிட்டு வந்தால் போதாதா என்று கேட்கலாம். பகல் நடையில் மனம் இறங்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும், வண்டி காத்திருக்கும் இடத்தை நோக்கியே கால் நடக்கும். இரவு தங்க வேண்டியிருக்கும்போது அந்தக் கணக்கு கலைந்துவிடும். எவ்வளவு தண்ணீர் வேண்டும், எவ்வளவு உணவு போதும், குளிர் எப்படி இறங்கும், கழிவை எங்கே புதைப்பது என்று ஒவ்வொன்றையும் யோசித்தாக வேண்டும். அப்போதுதான் முன்னால் நடப்பவருக்கும் பின்னால் வருபவருக்கும் இடையே பேச்சு பிறக்கும். பகல் முழுக்க வாய் திறக்காத வழிகாட்டி, இருட்டில் கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் பெயர் சொல்லுவார். அது மிளாவின் எச்சரிக்கை, இது மரநாயின் நடமாட்டம், தூரத்தில் ஒடிவது மூங்கில், அங்கே யானை மேய்கிறது, காற்று நமக்குச் சாதகம், பயப்பட வேண்டாம் என்பார். காட்டைப் பற்றிப் பின்னாளில் அக்கறையோடு பேசுபவர்களையும் எழுதுபவர்களையும் கேட்டுப் பாருங்கள். அவர்களில் பலருக்கு அப்படியொரு இரவு பின்னணியில் இருக்கும். ஒரு தலைமுறை முழுவதும் காட்டைப் பகலில் மட்டும், பார்வைக்கூண்டிலிருந்து மட்டும் பார்த்து வளர்ந்தால் அணைக்கும் சுரங்கத்துக்கும் சாலைக்கும் அது இழக்கப்படும்போது எழுந்து பேச யார் இருப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

இரவுத் தங்கலும் காட்டின் காவலும் ஒன்றோடொன்று பொருந்தும் என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே, முல்லைப் பெரியாறு அணை நீரைச் சுற்றி விரிந்த தேக்கடிக் காடு அது. 1990களில் அங்கே வயணாப் பட்டை திருடுவது ஒரு பிழைப்பாகவே இருந்தது. காட்டு இலவங்க வகையைச் சேர்ந்த மரம் அது, பட்டையை உரித்துவிட்டால் பட்டுப்போகும். கம்பம், குமுளிப் பக்கத்து ஆள்கள் நாள்கணக்கில் காட்டுக்குள் ஒளிந்திருந்து உரித்து, சுமையாகக் கட்டி இறக்குவார்கள். வழக்குகள் குவிந்தன, பிடிபட்டவர்கள் வெளியே வந்து மறுபடி காட்டுக்கே போனார்கள். உலக வங்கி உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது வனத்துறை வேறு வழியை எடுத்தது. 23 பேர் தொழிலை விட்டு முன்வந்தார்கள். அவர்களை ஒரு குழுவாக்கி, 'பெரியாறு டைகர் டிரெயில்' என்ற பெயரில் சிறுசிறு குழுக்களைக் காட்டுக்குள் நடத்திச் சென்று, ஓரிரு இரவு கூடாரத்தில் தங்கவைத்து, திரும்ப அழைத்துவரும் பொறுப்பைக் கொடுத்தார்கள். காட்டில் சத்தமின்றி நடப்பது, புகை தெரியாமல் சமைப்பது, யானைக்கு எட்டாத இடத்தில் படுப்பது என்று அந்தத் திருட்டு வாழ்க்கை கற்றுத் தந்த அத்தனையும் இப்போது நேர்மையான தொழிலுக்குப் பயன்பட்டது. வருமானம் ஒருபுறம் இருக்கட்டும். பழைய கடத்தல் தடங்கள் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பயணிகளோடு அந்தத் தடங்களில் திரும்பத் திரும்ப நடப்பதே ரோந்தாக ஆகிவிட்டது. உடன் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலரும் போவார். புதிதாக நுழைந்த கடத்தல்காரர்களை அவர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். அந்த மாற்றம் ஆண்களோடு நிற்கவில்லை. 2002 முதல் குமுளிப் பக்கத்துப் பெண்கள் 'வசந்த சேனை' என்ற பெயரில் முறைவைத்துக்கொண்டு, கூலி வாங்காமல், சந்தனக்காட்டைச் சுற்றி நடந்து காவல் காக்கிறார்கள். வேலியும் பூட்டும் செய்யாத காரியம் இது.

குற்றம் செய்தவர்களுக்கு வேலை தந்தது குற்றத்துக்குப் பரிசு கொடுத்ததாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. பட்டை உரித்தவர்களுக்குக் கிடைத்தது அற்பக் கூலி. லாபம் பார்த்தவர்கள் காட்டுக்குள் வந்ததே இல்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருந்தவரைப் பிரித்தெடுத்துக் காட்டின் பக்கம் நிறுத்தியதால்தான் அந்தச் சங்கிலி அறுந்தது. இதை நியாயமாகவே நான் பார்க்கிறேன்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. காடு விலங்குகளுக்கானது, மனிதர் காலடியே படாமல் ஓர் இடமாவது இருக்கட்டும் என்பது. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன், பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ளவும் செய்கிறேன். புலிகள் குட்டி வளர்க்கும் பள்ளத்தாக்குகள், வரையாடு ஈனும் பாறைச் சரிவுகள், ஆறு பிறக்கும் சதுப்புகள் ஆகியவை பூட்டியே கிடக்கட்டும். ஆனால் காட்டைக் கெடுப்பது எது என்று பார்த்தால் பழி நடப்பவர்மேல் மட்டும் விழாது. தாமிரபரணிக் கரையில் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசையை எடுத்துக்கொள்வோம். நெல்லைச் சீமையின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே குடில் போட்டு நாள்கணக்கில் தங்கியிருக்கின்றன. மாட்டுவண்டியிலும் நடந்தும் வந்த காலத்தில், கொண்டுவந்தது ஓலைப்பாயும் மண்பானையும் வாழையிலையும். திரும்பும்போது விட்டுச் சென்றதை மண் தின்றுவிட்டது. சாலை வந்தது, வேனும் லாரியும் வந்தன, பிளாஸ்டிக் தார்ப்பாயும் ஷாம்பு பாக்கெட்டும் வந்தன, கூட்டம் லட்சத்தைத் தொட்டது. புலிகள் காப்பகத்தின் நடுவே ஓடும் ஆறு குப்பைக் கிடங்கானது. வனத்துறை தங்கும் நாள்களைக் குறைத்தது, பிளாஸ்டிக்கைத் தடுத்தது, வாகனங்களுக்குக் கட்டுப்பாடு வைத்தது. பக்தர்கள் வருத்தப்பட்டார்கள். ஆயினும் அந்தக் கட்டுப்பாடு வேண்டியிருந்தது. காட்டில் தங்குவது நம் மக்களுக்குப் பழைய வழக்கம் என்பதும், அந்த வழக்கத்தைக் கெடுத்தவை எண்ணிக்கையும் எஞ்சினும் மட்காத பொருளும்தான் என்பதும் இந்தத் திருவிழா வரலாற்றில் சேர்ந்தே தெரிகின்றன. நடந்து வரும் ஐந்தாறு பேருக்கும் வேனில் வரும் ஐயாயிரம் பேருக்கும் ஒரே பூட்டைப் போடுவதில் அர்த்தமில்லை.

வெள்ளியங்கிரியிலும் இதே வேறுபாடுதான். ஏழு மலை ஏறிச் சிவனைக் காண, பருவத்தில் ஆயிரக்கணக்கானோர் மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு இரவெல்லாம் ஏறுகிறார்கள். பக்தியும் உடல் உழைப்பும் ஒன்றுசேரும் அந்தக் காட்சியை எவரும் இழிவாகப் பேச முடியாது. அங்கே பாதை தெரியாமல் போக வழியில்லை, முன்னாலும் பின்னாலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரையும் பார்த்து, உங்களால் இதற்கு மேல் ஏற முடியாது, உட்காருங்கள், திரும்பலாம் என்று சொல்ல ஆளில்லை. 2024 பருவத்தில் மூச்சுத் திணறலாலும் மாரடைப்பாலும் பலர் அந்த மலையில் இறந்தார்கள். மலையை அறிந்த ஒருவர் ஒரு சிறு குழுவின் முன்னால் நடக்கும்போது பின்னால் வருபவரின் மூச்சு அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். வேகத்தை அவர் குறைப்பது பல நேரம் நமக்குத் தெரியாது. பூ பார்ப்பதுபோல் நிற்பார், தண்ணீர் குடிக்கச் சொல்வார். கூட்டத்தில் அந்தக் காது இல்லை.

கைப்பேசியிலேயே வரைபடம் இருக்கிறது, சிக்னல் இல்லாவிட்டாலும் புள்ளி நகர்ந்து வழி சொல்கிறது, பிறகு வழிகாட்டி எதற்கு என்று இளைஞர்கள் கேட்பது இயல்பு. பாதை எங்கே இருக்கிறது என்று அந்தக் கருவி சொல்லும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மூடுபனியில் திசை தவறியவர்களை அது காப்பாற்றவும் செய்யும், எனவே கையில் இருக்கட்டும். இன்று காலை அந்தப் பாதையில் குட்டியோடு ஒரு யானைக்கூட்டம் நிற்பதை அது அறியாது. சாணத்தின் ஈரத்தையும் ஒடிந்த மூங்கிலின் பசுமையையும் பார்த்து, கூட்டம் போய் எவ்வளவு நேரமாகிறது என்று அது சொல்லாது. அதோடு, வரைபடத்தில் ஏறிய ஒவ்வொரு தடமும் பத்துப் பேரை இழுக்கும், பத்துப் பேர் நூறு பேரை இழுப்பார்கள். மலைக்காரர் சில தடங்களை வேண்டுமென்றே காட்டாமல் விடுவதைப் பல முறை கண்டிருக்கிறோம். கேட்டால் அந்தப் பக்கம் வழியில்லை என்பார். இருக்கும். அவர் தெய்வம் இருக்கும் இடமாக இருக்கலாம், தேன் எடுக்கும் பாறையாக இருக்கலாம். நாம் போகத் தேவையில்லாத இடம் அது. அந்த மறைப்பும் காட்டைக் காப்பதில் சேர்த்திதான்.

மலைவாழ் மக்களை வழிகாட்டியாக்குவது அவர்களைச் சுற்றுலாக்காரர்களின் சுமைதூக்கியாகவும் காட்சிப் பொருளாகவும் ஆக்கிவிடாதா என்ற கேள்வியைச் சுலபமாக ஒதுக்க முடியாது. ஆக்கிவிட்ட இடங்கள் இருக்கின்றன. ஏற்பாடு செய்யும் நகரத்து நிறுவனம் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, முன்னால் நடப்பவருக்கு நாள்கூலி மட்டும் மிஞ்சுவதும் நடக்கிறது. அங்கெல்லாம் அவருக்கு இல்லாதது தீர்மானிக்கும் உரிமை. அகத்தியர்கூடத்தில் 2019இல் எழுந்த சிக்கலை இந்த இடத்தில் நினைக்க வேண்டியிருக்கிறது. கேரளப் பக்கத்தில் போனக்காடு வழியாக, சனவரி முதல் சில வாரங்கள், நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்போடு அந்த நடை நடக்கிறது. அதிருமலையில் யானை நெருங்காமல் அகழி வெட்டிய முகாமில் இரவு தங்கி, மறுநாள் உச்சிக்கு ஏறுவார்கள். உயர்நீதிமன்றம் பெண்களையும் அனுமதிக்கச் சொன்னபோது, அகத்தியரைப் பிரம்மசாரித் தெய்வமாக வழிபடும் காணி மக்கள் சிலர் வருந்தி எதிர்த்தார்கள். பெண்கள் ஏறினார்கள், ஏற வேண்டியதும் நியாயம்தான். மலை நடையைப் பெண்ணுக்கு மறுக்கும் எந்த விதியையும் என்னால் ஏற்க முடியாது. ஆனால் அந்த உரையாடலில் காணி மக்களின் இடம் சாலையோரம் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவிப்பதாக மட்டுமே இருந்தது வேதனை. உச்சிப் பாறையில் வழிபாட்டுக்குரிய இடம் எது, அங்கே எப்படி நடந்துகொள்வது, எவ்வளவு பேர் ஏறலாம் என்பதில் அவர்கள் சொல் முன்பே கேட்கப்பட்டிருந்தால் இரு நியாயங்களும் மோதாமல் ஒரு வழி பிறந்திருக்கக்கூடும்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரசு திறந்த பாதைகளுக்குக் கட்டணம் அதிகம் என்ற குறை எழுந்தது. வழிகாட்டிக்கு நல்ல ஊதியம் தர வேண்டும் என்று வாதிடும் நான் நடை இலவசமாக வேண்டும் என்று கேட்க முடியாது. ஆனால் மலையடிவாரத்து அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை தன் வாசலில் தெரியும் மலையை ஒருமுறையும் ஏறாமல் வளர்வதும், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருப்பவர் பணம் கட்டி ஏறுவதும் எனக்கு உறுத்துகிறது. ஒவ்வொரு பாதையிலும் ஆண்டுக்குச் சில வாரங்களை அந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி, அவர்கள் கட்டணத்தை மற்றவர்கள் கட்டணத்திலிருந்து ஈடுகட்டினால் போதும். பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தமிழ்நாட்டுப் பக்கத்துப் பொதிகையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு காலத்தில் பாபநாசத்திலிருந்து புறப்பட்டு, காரையாற்று அணையைப் படகில் கடந்து, பாணதீர்த்தம் வழியாகக் காட்டில் தங்கித் தங்கி நம் மக்கள் அந்த உச்சிக்கு ஏறினார்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் அந்த வழி பல ஆண்டுகளாகப் பொதுமக்களுக்கு மூடிக் கிடக்கிறது. தாமிரபரணி பிறக்கும் மலையைக் காண விரும்பும் நெல்லைக்காரர் திருவனந்தபுரம் போய், கேரள அரசின் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு மறுபுறம் ஏறுகிறார். மூடியதற்குக் காரணம் இருந்தது, கூட்டமும் குப்பையும் தீயும் அப்போது கட்டுக்குள் இல்லை. அன்று இல்லாத பல வசதிகள் இன்று இருக்கின்றன. 1990களிலிருந்து அந்தக் காப்பகத்தின் அடிவாரக் கிராமங்களில் வனக்குழுக்கள் இயங்கி, விறகுக்குக் காட்டை நம்பியிருந்த குடும்பங்களை வேறு தொழிலுக்குத் திருப்பிய அனுபவம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் உரிமையைக் கிராமசபைக்குத் தந்திருக்கிறது. சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழிக் காணிக் குடியிருப்புகளில் அந்த மலையை அறிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு நடந்து கற்க அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது காரணம் குறைந்து வருகிறது. வேலை தேடி அவர்கள் சமவெளிக்கு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து, தீப்பருவம் தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்கள் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு சிறு குழு, வாகனம் இல்லாமல், தீ மூட்டாமல், கொண்டுபோனதையெல்லாம் எண்ணித் திரும்பக் கொண்டுவரும் நிபந்தனையோடு அந்த வழியைத் திறந்து பார்க்கலாம். யாரை அழைத்துப் போவது, எந்த மேட்டில் தங்கவைப்பது, எந்தத் தடத்தைக் காட்டாமல் விடுவது, எந்தக் காலையில் இன்று வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது என்பதையெல்லாம் காணிக் கிராமசபை முடிவு செய்யட்டும், வனத்துறை அதற்குக் கையெழுத்திட்டுத் துணை நிற்கட்டும். வரும் கட்டணம் அந்தக் குடியிருப்புகளின் கணக்குக்குப் போகட்டும். இரண்டு மூன்று பருவம் நடத்திப் பார்த்து, காட்டுக்குக் கேடு என்று அவர்களே சொன்னால் மறுபடி மூடிவிடலாம்.